விலைக்கு வந்த பாராட்டு



கவிதை எழுதுவோர் நெஞ்சில் உறங்காத ஆசை ஒன்று உண்டு. தாம் எழுதிய அடிகளை வேறொருவர் குரலில், இசையோடு, ஊரார் கேட்கத் தாமும் கேட்டுவிட வேண்டும் என்பதே அது. ஏட்டில் கிடக்கும் பாட்டைவிட நாவில் ஏறிய பாட்டு நெடுநாள் வாழும் என்பதைத் தமிழ்க் கவிஞருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாசை இழிவானதன்று. ஆயின் அவ்வாசையையே முதலாக வைத்துக் கடை விரித்தோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகின்றனர். அக்கடையில் விலைபோன சரக்கு பாராட்டு.

இந்த வாணிகம் செழித்து வளர்ந்த நிலம் அமெரிக்க ஐக்கிய நாடு. இசைத்தட்டு வீட்டுக்கு வீடு புகுமுன் அங்கே பாட்டு என்பது தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பாக விற்கப்பட்டது. 1892-இல் சார்லஸ் ஹாரிஸ் என்பவர் எழுதி இசையமைத்துத் தாமே பதிப்பித்த ‘ஆஃப்டர் தி பால்’ என்னும் பாட்டு பல லட்சம் படிகள் விற்றது. ஒரு பாட்டால் ஒருவர் செல்வராகலாம் என்ற செய்தி அதன் பின்னர் நாடெங்கும் பரவியது. நியூயார்க் நகரின் 28-ஆம் தெருவில் பாட்டுப் பதிப்பகங்கள் நெருங்கி நின்றன. தொலைவிலுள்ள சிற்றூரில், பால் கறந்துவிட்டு வந்து இரவில் கவிதை எழுதிய உழவருக்கும், தையல் வேலைக்கிடையே நான்கு அடி எழுதிவைத்த பெண்ணுக்கும் அத்தெரு எட்டாத தூரம். அவர்கள் கைக்கு எட்டியது வார இதழின் கடைசிப் பக்கம். அங்கே ஒரு சிறு விளம்பரம் இருந்தது: பாட்டாக்குவதற்குக் கவிதைகள் தேவை, இசையறிவு வேண்டுவதில்லை, மதிப்பீடு இலவசம்.

கவிதை அஞ்சலில் போகும். சில நாட்களில் அச்சிட்ட தலைப்புடைய தாளில் மறுமொழி வரும். தங்கள் கவிதை எங்கள் தேர்வுக் குழுவின் உள்ளத்தைத் தொட்டது. வந்தவற்றுள் மிகச் சிலவற்றையே ஏற்கிறோம். தங்களுடையது அவற்றுள் ஒன்று. இவ்வாறு தொடங்கும் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்தான் தொகை குறிக்கப்பட்டிருக்கும். இசையமைப்புக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, பதிப்புரிமை பெற்றுத் தருவதற்கு இவ்வளவு. 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு படைப்பைப் பதிவு செய்யும் கட்டணம் ஒரு டாலர்தான் என்பதை அக்கடிதம் சொல்லாது. பதிப்புரிமைச் சான்றிதழ் ஒன்று கைக்கு வந்ததும், அரசாங்கமே தம் பாட்டின் தரத்தை ஒப்புக்கொண்டதாக எண்ணி அதனைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டோரும் இருந்திருப்பர். பதிவேடு என்பது யார், எப்போது, எதைப் பதிந்தார் என்பதை மட்டுமே குறிப்பது. அது நன்று தீது பாராது.

தொழில்முறைப் பாட்டெழுத்தாளர்கள் இவ்வாணிகருக்கு இட்ட பெயர் ‘பாட்டுச் சுறா’. இரத்த வாடையை நெடுந்தொலைவிலிருந்தே அறிந்து வரும் மீனின் பெயரை இட்டதில் பொருத்தம் உண்டு. 1914-இல் நியூயார்க்கில் பாட்டெழுத்தாளரும் இசையமைப்பாளரும் பதிப்பாளரும் கூடி அஸ்காப் என்னும் அமைப்பை நிறுவினர். 1931-இல் பாட்டெழுத்தாளர் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. இத்தகைய அமைப்புகள் விடுத்த எச்சரிக்கையின் சாரம் எளியது. உண்மையான பாட்டுப் பதிப்பாளர் எழுதியவரிடம் பணம் கேட்பதில்லை. பாட்டு ஈட்டும் பணத்தில் பங்கு பெறுவதே அவர் தொழில். பாட்டு விற்காவிடில் அவருக்கும் இழப்பு. சுறாவுக்கோ பாட்டு விற்பதைப் பற்றிக் கவலையே இல்லை. காசோலை வந்த அன்றே அவர் இலாபம் முடிந்துவிட்டது.

இசைத்தட்டுக் காலம் வந்தபோது இத்தொழில் அழியும் என்று எண்ணியிருக்கலாம். மாறாக அது தழைத்தது. 1960-களிலும் 1970-களிலும் ஹாலிவுட்டிலும் நாஷ்வில்லிலும் பிற ஊர்களிலும் இதற்கெனவே நிலையங்கள் நடந்தன. கவிதையோடு நூறு இருநூறு டாலர் அனுப்பினால், தேர்ந்த பாடகர் பாடிய இசைத்தட்டு வீடு தேடி வரும். இருபதாம் நூற்றாண்டில் இவ்வாறு பதிவானவை இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் மதிப்பிட்டனர். பாடியோர் கற்றுக்குட்டிகள் அல்லர். 1967-இல் வந்த ‘கேமலாட்’ திரைப்படத்தில் லான்ஸ்லாட் பாத்திரத்துக்குப் பின்னணி பாடிய ஜீன் மெர்லினோ, வேறு பெயரில் இத்தகைய பாட்டுகளையும் ஏராளமாகப் பாடியவர். தாளைப் பார்த்தவுடன் பாடுவார். ஒரே முறையில் பதிவு முடியும். அடுத்த தாள் வரும். ஒரு மணி நேரத்துக்குள் பல கவிஞர்களின் வாழ்நாள் கனவு நிறைவேறிவிடும்.

ஒரு நிறுவனம் இன்னும் சிக்கனமான வழி கண்டது. முன்பே பதிவு செய்த பின்னணி இசை சில அதனிடம் இருந்தன. எவர் கவிதை வந்தாலும் அவற்றுள் ஒன்றின்மேல் ஏற்றிப் பாடிவிடுவர். தாயை இழந்த துயரமும் தேர்தல் கிண்டலும் ஒரே இசையில் ஒலிக்கும். ஒரு மெட்டில் பல பாட்டு அமைவது தமிழுக்குப் புதிதன்றே என்று இங்குள்ளோர் வினவலாம். கும்மியும் சிந்தும் அவ்வாறே பெருகின. ஆனால் அங்கே எழுதுபவர் மெட்டை அறிந்து, அதன் நடைக்குத் தம் சொல்லை அளந்து வைத்தார். இங்கே கவிஞருக்கு மெட்டும் தெரியாது. மெட்டுக்கு உரியோர் கவிதையை முன்கூட்டிப் படித்ததும் இல்லை. அசை மிஞ்சிய இடத்தில் பாடகர் விழுங்கினார். குறைந்த இடத்தில் இழுத்தார்.

இவ்விடத்தில் ஒருவரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். ராட் கீத் என்பது அவர் தொழிற்பெயர். 1937-இல் பிறந்தவர், இளமையில் கிறித்தவச் சமயக் கூட்டங்களில் இசைத்துப் பழகியவர், எந்தக் கருவியையும் எளிதில் வசப்படுத்தும் ஆற்றல் பெற்றவர். லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இந்த நிலையங்களில் வேலைக்கு அமர்ந்தார். சேம்பர்லின் என்றொரு கருவி அங்கே இருந்தது. அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஓர் ஒலிநாடாத் துண்டு. அழுத்தினால் வயலினோ புல்லாங்குழலோ முன்பே பதிந்த உண்மை ஒலியில் எழும். அதனை வைத்துக்கொண்டு ஒருவராகவே ஓர் இசைக்குழுவின் தோற்றத்தை உண்டாக்கினார். யாரோ முகம் தெரியாதவர் எழுதிய, தளை தட்டிய, சில வேளை பொருளே புலப்படாத அடிகளுக்கு அவர் அமைத்த இசையில் உண்மையான கற்பனை இருந்தது. 1974 டிசம்பரில், தம் 37-ஆம் வயதில், ஹாலிவுட்டில் ஒரு மேம்பாலத்திலிருந்து வீழ்ந்து இறந்தார். அவர் மகன் எல்லெரி எஸ்கெலின் தந்தையை அறியாமலே வளர்ந்து, நியூயார்க்கில் பெயர் பெற்ற சாக்சபோன் கலைஞரானார். தந்தை செய்த பதிவுகளைத் தேடித் திரட்டி 1996-இல் ஒரு குறுந்தகடாக வெளியிட்டார். 2003-இல் ஜேமி மெல்ட்சர் இவ்வாணிகம் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதன் பின் இப்பாட்டுகளைத் தேடிக் கேட்பதே ஒரு சுவையாயிற்று.

ஆக, ஏமாற்றுத் தொழிலிலிருந்தும் சில நல்ல பாட்டுகள் பிறந்தன. இதனை மறைப்பதற்கில்லை. பணம் கொடுத்த கவிஞர் பலர் மனநிறைவோடே இருந்தனர் என்பதும் உண்மை. இசைத்தட்டு கிடைத்தது, உறவினர் கேட்டனர், வேறென்ன வேண்டும்? அப்படியாயின் குற்றம் எங்கே? அஞ்சல்வழி ஏமாற்று அமெரிக்காவில் 1872 முதலே குற்றம். எனினும் கேட்ட பொருளைச் செய்து கொடுத்தவரைத் தண்டிப்பது எளிதாக இருக்கவில்லை. விளம்பரத்தில் ‘வெற்றி பெறக்கூடும்’ என்றுதான் இருக்கும். ‘பெறும்’ என்று இராது. அந்த ஒரு விகுதியில் சுறா தப்பித்தது.

குற்றம் விலையில் இல்லை. தையற்காரரிடம் கூலி கொடுத்துச் சட்டை தைப்பதுபோல், இசையமைப்பாளருக்கு ஊதியம் கொடுத்துத் தம் பாட்டுக்கு மெட்டமைத்துக் கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. சொந்தச் செலவில் நூல் அச்சிடுவதும் அத்தகையதே. சார்லஸ் ஹாரிஸ் தம் பாட்டைத் தாமேதான் பதிப்பித்தார். ஆனால் தையற்காரர், ஆயிரம் பேருள் உம் தோளைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதில்லை. தேர்வே இல்லாத இடத்தில் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னதுதான் பொய். அப்பொய்யால் பணத்தினும் பெரிய கேடு விளைந்தது. எழுதுபவர் தம் எழுத்தின் குறையை அறியும் வாய்ப்பை இழந்தார். திருத்த வேண்டிய கவிதை திருத்தப்படாமலே இசைத்தட்டில் உறைந்தது. நேர்மையான ஒரு மறுப்புக் கடிதம் அவருக்குப் பெருநன்மை செய்திருக்கும்.

கவிதைக்கே நேர்ந்ததையும் இங்குக் கூறவேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு நிறுவனம் பெரும்பரிசுக் கவிதைப் போட்டி என்று அறிவித்து, அனுப்பியோரையெல்லாம் அரையிறுதிக்குத் தேர்ந்ததாகப் பாராட்டி, அவர் கவிதை இடம்பெறும் தடித்த தொகுப்பை விலைகொடுத்து வாங்கச் செய்து வந்தது. 1990-களில் இணையம் பரவியபின் அதன் வலை இன்னும் அகன்றது. தேர்வு எவ்வளவு கடுமை என்று பார்க்க விரும்பிய குறும்பர் சிலர் பொருளற்ற உளறல்களை அனுப்பினர். அவையும் பாராட்டப்பட்டன. டேவிட் டாப் என்பவர் வெர்கிள் ஃப்ளாம்ப் என்ற புனைபெயரில் அனுப்பிய உளறல் அவற்றுள் புகழ்பெற்றது. அப்பெயரிலேயே பின்னர் ஒரு நகைச்சுவைக் கவிதைப் போட்டி தோன்றியது. அதில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை. போலிப் போட்டியை எள்ளப் பிறந்த பெயர் ஒரு நேரிய போட்டிக்கு உரியதாயிற்று.

இன்று வார இதழின் கடைசிப் பக்கம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. மாறியது அஞ்சல்தலை ஒன்றே. இளைஞர் ஒருவர் தம் பாட்டை இணையத்தில் ஏற்றிய மறுநாள் தனிச்செய்தி வருகிறது: பெயர்பெற்ற இசை நிறுவனத்தில் புதுக் கலைஞரைத் தேடும் அலுவலர் எழுதுகிறார், பாட்டைக் கேட்டு வியந்தார், ஒப்பந்தம் ஆயத்தம், பதிவுக் கட்டணமோ வழக்கறிஞர் கட்டணமோ மட்டும் இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அலுவலரின் பெயர் உண்மையானதாக இருக்கக்கூடும். படமும் அவருடையதே. எழுதுபவர் மட்டும் வேறு ஆள். மின்னஞ்சல் முகவரியில் ஓரெழுத்து கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். அந்நிறுவனத்தின் சொந்த இணைய முகவரியைத் தானே தேடி எடுத்து, அங்குள்ள வழியில் கேட்டறிந்தால் பெரும்பாலும் ஒரே நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘இன்று மாலைக்குள்’ என்ற அவசரம் அந்த ஒருநாளைத் தராமலிருப்பதற்காகவே.

இதனினும் நுட்பமான வலை ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பிளேலிஸ்ட் எனப்படும் தொகுப்புகளில் இடம்பெற்றால் பாட்டு பலர் செவிக்குப் போகும். இவ்வளவு தொகைக்கு இத்தனை ஆயிரம் கேட்பு உறுதி என்று விற்பவர் பலர். தொகை கட்டியதும் எண்ணிக்கை உண்மையாகவே ஏறும். ஆனால் கேட்பது மனிதச் செவி அன்று. நிரல் எழுதிய எந்திரம். அத்தளத்தில் 30 வினாடி ஒலித்தால் ஒரு கேட்பு என்பது கணக்கு. எந்திரம் அந்த அளவு ஓட்டி அடுத்ததற்குத் தாவும். முன்பின் கேட்டோர் இல்லாத பாட்டுக்கு ஒரே இரவில் எங்கோ ஓரூரிலிருந்து ஆயிரக்கணக்கில் செவிகள் முளைத்தால் தளத்தார் ஐயுறுகின்றனர். அதன் விளைவு விற்றவரைச் சேர்வதில்லை. பாட்டு நீக்கப்படுகிறது, உண்மையாய் ஈட்டிய தொகையும் நிறுத்தப்படுகிறது. அப்பட்டமான பொய்க்கேட்பு கண்ட பாட்டுகளுக்கு, அவற்றை ஏற்றிய நிறுவனங்களிடம் தண்டம் வாங்கப்போவதாக ஸ்பாட்டிஃபை 2023-இல் அறிவித்தது. ஓராண்டில் 1000 கேட்பேனும் பெறாத பதிவுக்கு உரிமத்தொகை இல்லை என்ற விதியும் 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆயிரத்தை எட்டும் தவிப்பே பொய்க்கேட்பு விற்பவருக்கு நல்ல சந்தையாகிவிட்டது. தளத்தின் தொகுப்பாசிரியர்களுக்கு வெளியிடாத புதுப்பாட்டை அனுப்பிவைக்கும் வழி கலைஞர்க்கெல்லாம் இலவசமாகவே திறந்திருக்கிறது. ஏற்பர் என்ற உறுதி மட்டும் அங்கே கிடையாது. உறுதி எங்கே விற்கப்படுகிறதோ அங்கே எச்சரிக்கை வேண்டும்.

பாட்டையே கவர்ந்து செல்வோரும் உளர். யூடியூபில் ஒரு பாட்டு எவருக்கு உரியது என்று பதிந்து வைக்கும் முறை உண்டு. உரியவர் பதியாத பாட்டைப் பிறர் தமதென்று பதிந்தால் வருவாய் அவரிடம் போகும். லத்தீன் அமெரிக்க இசைக்கலைஞர்களின் 50,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளை இருவர் இவ்வாறு தமதாக்கி, 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டினர். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2023-இல் இருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. தம் பாட்டைத் தேட எவரும் இல்லை என்று எண்ணியிருந்த சிறு கலைஞரே அங்கே பெரிதும் இழந்தோர்.

பழைய பாட்டுச் சுறாவின் நேர்வாரிசு என்று சொல்லத்தக்கது வேறொன்று. 2023-இன் இறுதி தொடங்கி, சுனோ, யூடியோ போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. கவிதையை இட்டால் சில நொடிகளில் இசையும் குரலும் சேர்ந்து பாட்டு வருகிறது. இக்கருவிகளைப் பயிற்றத் தம் பதிவுகளைப் பயன்படுத்தினர் என்று பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. கருவியைக் கொண்டு விளையாட்டாகச் செய்து பார்ப்பது வேறு. ‘தேர்ந்த இசைக்கலைஞர் மெட்டமைத்துத் தருவார்’ என்று கட்டணம் வாங்கி, கருவி தந்ததைக் கொடுப்பது வேறு. சேம்பர்லின் முன் அமர்ந்தவர் ஒரு ராட் கீத்தாகவேனும் இருந்தார். இங்கே எவரும் அமரவில்லை. கவிஞர் கருத வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. மனிதப் படைப்பாளர் இல்லாமல் எந்திரம் மட்டுமே ஆக்கியதற்குப் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. 2025-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் படைப்பாளர் மனிதராயிருத்தல் வேண்டும் என்றே தீர்த்தது. எனவே அந்நாட்டில், தம் சொற்கள் கவிஞருக்கு உரியன. விலைகொடுத்து வாங்கிய அந்த இசையோ எவர்க்கும் உரியதன்றிப் போகக்கூடும்.

இந்நாட்டுக் கவிஞர்க்குச் சட்டம் தந்துள்ள காப்பு சிறிதன்று, அறிந்தோர்தாம் குறைவு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த அப்பொழுதே உரிமை எழுதியவரைச் சேர்கிறது, பதிவு கட்டாயமன்று. ஆகவே ‘உரிமை வாங்கித் தருகிறோம்’ என்று கட்டணம் கேட்போர், இருப்பவருக்கே இருப்பதை விற்கின்றனர். உரிமையைப் பிறர்க்கு மாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதப்படவில்லையாயின் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதப்படவில்லையாயின் இந்தியா மட்டும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் அன்றி, அது செயலிழந்துவிடும். 2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேற்சென்றது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டை எழுதியவர், அதற்கு வரும் உரிமத்தொகையில் தமக்குள்ள சமபங்கைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்க முடியாது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படும்போது மட்டும் இவ்விதி பொருந்தாது. மற்றபடி, விட்டுக்கொடுத்ததாகக் கையொப்பமிட்டாலும் அவ்வாசகம் செல்லாது. பாட்டெழுத்தாளர்க்கும் இசையமைப்பாளர்க்கும் இத்தொகையைத் திரட்டித் தருவதற்கென 1969-இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கமும் உண்டு.

ஒப்பந்தம் என்று வரும் தாளில் முதலில் பார்க்க வேண்டியவை இவையே: காலம், நிலப்பரப்பு, தொகை, பணம் செல்லும் திசை. கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றினும் முந்தியது. எழுதியவரிடமிருந்து நிறுவனத்துக்குப் பணம் போகுமாயின் அது பதிப்பு ஒப்பந்தம் அன்று, விலைப்பட்டியல். விலைப்பட்டியலாக ஏற்றுக் கையொப்பமிடுவதில் தடையில்லை. வேறொன்றாக எண்ணிக்கொண்டு இடுவதில்தான் இடர்.

இந்த இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டங்களில் உறுப்பினர் கவிதைகள் வாசிக்கப்பட்டு, அவையோரால் அலசப்படுகின்றன. எதுகை ஒன்று பிசகினால் மூன்று பேர் எழுந்து சுட்டிக்காட்டும் அவை இது. உறுப்பினருள் எவருக்கேனும் அத்தகைய தாள் ஒன்று வருமாயின், கையொப்பமிடும் முன் அதனையும் அக்கூட்டத்தில் ஒருமுறை உரக்க வாசிக்கலாம்.